நிழல்வலையில் கட்டிய மணிக்கூண்டுத் தெரு

செத்து ஏழு வருஷம் ஆன என் தங்கச்சி குள்ளம்மாள், போன ஆடி அமாவாசை அன்று உச்சிப்பொழுதில், ஈச்சங்கொட்டாய் சந்தைத் திடலில், ஊரே கூடி நிற்க, களி தின்றுவிட்டுப் போனாள். அவள் உட்கார்ந்து தின்ற வீடு அவளுக்கும் முன்னாலேயே போன வீடு. ரோடு போட இடித்துவிட்டார்கள். அந்த வீட்டையும் அது இருந்த தெருவையும், காலை டீக்கும் சாயங்கால டீக்கும் நடுவில், ஒரு செங்கல் வைக்காமல், ஒரு சட்டி சிமெண்ட் குழைக்காமல் திருப்பிக் கட்டி நிறுத்தியவன் நான்.

நம்ப வேண்டாம். என்னை நம்பி யாரும் கெட்டதில்லை, ஏனென்றால் யாரும் நம்பியதே இல்லை. கிருஷ்ணப்பன் என்று பேர். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு பஸ்ஸில் கண்டக்டர். சித்தேரி மலைப் பஸ்ஸில் ஒரே நடையில் நானூறு பேரையும் அறுபது ஆட்டையும் ஏற்றி, ஆடுகளுக்கெல்லாம் ஜன்னலோர சீட்டு கொடுத்தவன். ஒகேனக்கல் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத வண்டியை வெறும் விசிலால் நிறுத்தியவன். அந்தச் சத்தத்துக்குப் பயந்து இஞ்சின் தானாகவே அணைந்துவிட்டது. இதையெல்லாம் முருகேஷ் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் சொல்லும்போது, கேட்கிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பெஞ்சின் அந்தக் கோடியைப் பார்ப்பார்கள். அங்கே என் மாப்பிள்ளை தீர்த்தகிரி, குள்ளம்மாளைக் கட்டியவர், டீ கிளாஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தலையைத் தூக்காமல், “புளுகு” என்பார். கூட்டம் சிரித்துக்கொண்டே கலையும்.

குள்ளம்மாள் போன பிறகு அவர் வாயில் மிச்சம் இருந்தது இந்த ஒரு சொல்லும், மற்ற எல்லாவற்றுக்குமான ஒரு “ம்”மும்தான்.

எங்கள் பக்கத்தில் ஊருக்கே கொட்டாய் என்றுதான் பேர் வைப்பார்கள். நாலு கம்பு நட்டு, மேலே கீற்றைப் போட்டு, மழை முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று வந்தவர்கள் இருநூறு வருஷமாகக் கிளம்பவில்லை. ஈச்சங்கொட்டாயும் அப்படித்தான். பாப்பாரப்பட்டிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில் எங்கள் பேரூராட்சி. அதில் மணிக்கூண்டுத் தெரு. மணிக்கூண்டு எங்கே என்று கேட்கக் கூடாது. என் தாத்தா காலத்தில் கட்டுவதாகச் சொன்னார்கள், பேரை மட்டும் முதலிலேயே வைத்துவிட்டார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ரோட்டை அகலமாக்கத் தெருவை எடுத்தார்கள். திடீரென்று எடுத்தார்கள் என்று சொன்னால் அது நான் சொல்லும் பொய்களில் சேர்ந்துவிடும். முன்னாலேயே சொன்னார்கள், அளந்தார்கள், பணமும் கொடுத்தார்கள். இயந்திரம் வந்த காலையில் யாரும் மறிக்கவில்லை, யாரும் மண்ணை வாரித் தூற்றவில்லை. எதிர்ச்சாரி டீக்கடையில் நின்று பார்த்தோம். தன் வீட்டுச் சுவர் விழும்போது தீர்த்தகிரி வடை தின்றுகொண்டிருந்தார். குள்ளம்மாள், “இன்னொன்னு வாங்கிக்கோங்க, சூடா இருக்குது” என்றாள். வாங்கிக்கொண்டார். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே கிள்ளினால் யாரோ ஒருவர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, அன்றைக்கு ஊருக்கே அப்படி இருந்தது.

மறு வருஷம் குள்ளம்மாள் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. பாடைக்குப் பின்னால் நடக்கும்போது, அவள் என் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்காமல் “எங்கண்ணன் வண்டி” என்று ஊருக்கே கேட்கக் கத்துவாளே, அந்தக் கதையைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தேன். எனக்கு அழுகை வருமா என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தேன். பசிதான் இருந்தது.

தீர்த்தகிரியின் பங்காளிகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. செத்தவர்களுக்கு ஆடி அமாவாசையில் படையல் போடுவது நடுவூட்டில்தான். அதாவது வீட்டின் நட்ட நடுவில் இருக்கும் கூடத்தில். இலை போட்டு, சோறு வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நிற்க வேண்டும். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், வைத்ததை வீட்டார் தின்ன வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு சொந்த வீடாக இருக்க வேண்டும். வாடகை வீட்டில் இலை போட மாட்டார்கள். போட்டால், வீட்டுச் சொந்தக்காரனின் செத்துப்போன ஆட்கள் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்களாம்.

ரோட்டுக்குக் கிடைத்த பணம் மகள் பூவிழியின் கல்யாணத்துக்குச் சரியாகப் போயிற்று. அவள் ஓசூரில் இருக்கிறாள். தீர்த்தகிரி பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். அவருடைய நடுவூடு தார் ரோட்டுக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு ஆடியிலும் நான் கேட்பேன், “மாப்ள, இந்த வருசமாவது அவளுக்கு ஒரு எல போடலாங்களா?”

“எங்க?” என்பார்.

அதற்கு என்னிடம் பதில் கிடையாது. எனக்கே! நானூறு பேரை ஏற்றியவனுக்கே!

இந்த நிலைமையில்தான் எழிலரசி இரும்பு அலமாரியைத் திறந்தாள். எழிலரசி எங்கள் பேரூராட்சி ஆபீசில் எழுத்தர். நாற்பத்தைந்து வயசு, என் பஸ்ஸில் காலேஜுக்குப் போனவள். ஆபீஸ் புதுக் கட்டடத்துக்கு மாறுவதாக இருந்தது. பழைய கட்டடத்தின் பின்னறையில், பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்குப் பின்னால், யாரும் திறக்காத அலமாரி ஒன்று. அதில் ஊரில் வீடு கட்ட அனுமதி கேட்டு ஐம்பது வருஷமாக மக்கள் கொடுத்த பிளான்கள் சுருள் சுருளாகக் கிடந்தன. எல்லாவற்றையும் கட்டி தர்மபுரிக்கு அனுப்பிவிடச் சொல்லி உத்தரவு. அங்கே போனால் மனு போட்டுத்தான் பார்க்க முடியும். மனு போடுகிற அளவுக்கு யாருக்குத் தலை வலிக்கிறது?

போவதற்கு முன் ஊர் ஒருமுறை பார்க்கட்டும் என்று எழிலரசி ஆபீஸ் வராந்தாவில் மேஜை போட்டு, ‘பொதுமக்கள் பார்வைக்கு’ என்று அட்டை எழுதி வைத்தாள். ஒரு வாரத்தில் வந்தவர் ஒரே ஒருவர். அவரும் தெருக்குழாயில் தண்ணீர் வராததைச் சொல்ல வந்தவர்.

“பேப்பர யாருங்கண்ணா பாப்பாங்க,” என்றாள் என்னிடம். “வூடா இருந்தாத்தான் பாப்பாங்க.”

“அப்ப வூடாவே காட்டிடலாம்மா,” என்றேன்.

ஆகவே யோசனை என்னுடையது. அவள் தன்னுடையது என்பாள், சொல்லிக்கொள்ளட்டும்.

செயல் அலுவலர் தலையைச் சொறிந்துவிட்டு, “சந்தை இல்லாத மூணு நாளு பந்தல் போட்டுக்கோங்க. நாலாவது நாளு திடல்ல ஒரு குழி இருக்கக் கூடாது” என்றார். பந்தல் போடும் மாது சவுக்குக் கம்பும் மூங்கிலும் கொண்டுவந்தான். நாற்றுப்பண்ணை குப்புராஜ், தக்காளி நாற்றுக்கு மேலே கட்டிக் கிழிந்துபோன பச்சை நிழல்வலைகளை வண்டி வண்டியாகக் கொடுத்தார். எழிலரசி பிளான்களை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டாள். கோட்டின் மேல் கம்பு, கம்பைச் சுற்றி வலை, மேலே கீற்று, ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டுப் பிளானின் நகலும் ஒரு சிவப்புப் பென்சிலும். நான் விசில் ஊதினேன். விசில் இல்லாமல் எந்த வேலையும் நடக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாயங்காலம் டீ வரும்போது எழுபது வீடு நின்றது. எழிலரசி இருபத்திரண்டு என்பாள். ஆடிக் காற்றில் இருபத்திரண்டும் மூச்சு விடுகிற மாதிரி உப்பி உப்பி அடங்கின.

மறுநாள் ஊர் வந்தது. வந்து, வாசல் வாசலாகப் போய், சிரிக்க ஆரம்பித்தது.

முதலில் சிரித்தவள் லூர்துமேரி. ரிட்டையர்டு நர்ஸம்மா, தெருவின் முதல் வீட்டுக்காரி. பிளானைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, “என்னாய்யா இது, எங்க வூட்டு முன்னால கார் ஷெட்டா? எங்கப்பன் சைக்கிளே கடன் வாங்கி ஓட்டுனவரு. இந்த எடத்துல எரும கட்டியிருந்தோம்!” என்றாள்.

பக்கத்து வீட்டில் இரண்டு கக்கூஸ் இருந்தது. “எங்க வூட்ல ஒன்னுகூட இல்லீங்களே, ஏரிக்கரைக்குத்தான போவோம்!” இன்னொரு வீட்டைச் சுற்றிலும் தோட்டம். உண்மையில் அந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் மூக்கைத் துடைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தர்மபுரியில் படம் வரைகிற ஒரே ஆள், சட்டத்துக்குப் பிடித்த மாதிரி ஒரு வீட்டை வரைந்து வைத்துக்கொண்டு, பேரை மட்டும் மாற்றி மாற்றித் தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறார். ஆபீஸும் வாங்கி முத்திரை குத்தியிருக்கிறது. கட்டினவர்கள் அவரவர் இஷ்டத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். பிளானில் இருக்கிற மணிக்கூண்டுத் தெரு, மணிக்கூண்டு மாதிரியே, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

எழிலரசி ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அம்பது வருசமா பூட்டி வெச்சது பூராப் பொய்யிங்களாண்ணா?”

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. என்னைவிடப் பெரிய புளுகன் ஒருத்தன், அரசாங்க முத்திரையோடு, ஒரு இரும்பு அலமாரியில் இத்தனை காலம் படுத்திருந்திருக்கிறான்!

“பொய்யின்னா என்னாம்மா, திருத்திட்டாப் போச்சு” என்றேன். நான் சொல்வதற்கு முன்னாலேயே லூர்துமேரி கார் ஷெட்டின் கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். “எரும இங்க நின்னுச்சு. வாசப்படி இங்க. ஏ மாது, வந்து நடுடா!”

அதோடு திடல் முழுக்க அந்த வேலை பிடித்துக்கொண்டது. வலையை அவிழ்ப்பதும், கம்பைப் பிடுங்குவதும், “உங்க சொவரு எங்கூட்டுக்குள்ளார வருது, தள்ளு” என்று செத்துப்போன சுவருக்காகச் சண்டை போடுவதும். மாது தலையில் கை வைத்துக்கொண்டான். எழிலரசி தெளிந்துவிட்டாள். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போய், அவர்கள் நகர்த்த நகர்த்த நகலின் மேல் குறித்தாள். யாரும் அழவில்லை. இருந்த வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இல்லை. கல்யாண வீட்டில் பந்தி எங்கே போடுவது என்று பேசுகிற மாதிரி இருந்தது.

தீர்த்தகிரியைக் கூட்டிவர நான் கெஞ்சவில்லை. முருகேஷிடம் சொல்லி டீக்கடையைத் திடலுக்கு மாற்றினேன், பெஞ்சோடு. பெஞ்ச் இருக்கிற இடத்துக்கு அவர் வந்துதான் ஆக வேண்டும். மதியம் வந்தார். கோடியில் உட்கார்ந்து டீ குடித்தார். பெஞ்சை அவர் வீட்டு வாசலுக்கு எதிரேதான் போட்டிருந்தேன்.

“உங்க வூடுதான் மாப்ள. போயிப் பாருங்க.”

“ம்.”

“பேரு போட்டிருக்குதுங்க, பாருங்க.”

எழுந்து போய் நகலைப் பார்த்தார். வலையைப் பார்த்தார். “இது என் வூடு இல்ல.”

“பிளான்ல இப்பிடித்தாங்க இருக்குது.”

“பிளான் புளுகு,” என்றார். எனக்கென்றே வைத்திருந்த சொல்லை முதல்முறையாக வேறொருவருக்குக் கொடுத்தார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் திரும்பி வராமல் உள்ளே போனார். வலைக்குள் அவர் பச்சையாக நிற்பது தெரிந்தது. ரொம்ப நேரம் நின்றார். என்ன யோசிக்கிறார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எதுவுமே யோசிக்காமலும் நின்றிருக்கலாம். நானும் அந்த மாதிரிதான் ஏழு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு, கூடத்துக்குப் போகிற வழியில் இருந்த கம்பின் மேல் கையை வைத்தார்.

“இது இங்க வராது.”

“ஏங்க?”

“கொடத்த இடுப்புல வெச்சிக்கிட்டு அவ திரும்பற எடம். முழங்கைய இடிச்சிக்குவா.”

இடித்துக்கொள்வாள் என்றார். இடித்துக்கொண்டாள் என்று, போய்விட்டவளாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கம்பைப் பிடுங்கிவிட்டார்.

“மாமா! மாமா! அதப் புடுங்குனா கீத்து மொத்தமும் எறங்கிரும்!” என்று மாது ஓடினான். கூரை ஒரு பக்கம் சாய, தீர்த்தகிரி குறுக்கு மூங்கிலைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். மாது புதுக் குழி தோண்டி, கம்பை ஒரு முழம் தள்ளி நட்டுக் கட்டும்வரை அசையவில்லை. முகத்தில் எதுவும் இல்லை. கட்டி முடித்ததும், “அந்தச் சொவரும் தப்பு” என்றார்.

பொழுது சாய்வதற்குள் அந்த வீடு சரியாகிவிட்டது. எப்படித் தெரியும் என்றால், அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசலிலிருந்து அடுப்படிவரை போய்த் திரும்பினார், எதிலும் இடிக்கவில்லை. நடுவில் கூடம். அதன் நடுவே நின்று கீழே பார்த்தார்.

இதுதான் சமயம் என்று என் பெண்டாட்டி மாதம்மாள் என் விலாவில் குத்தினாள்.

“மாப்ள,” என்றேன். “நாளைக்கு அமாவாசைங்க.”

“ம்.”

“நடுவூடு இருக்குதுங்களே இப்ப.”

“கம்பு மாதோடது. நாளுக்கு இவ்வளவுன்னு வாடக வாங்கறான். அப்ப இது வாடக வூடுதான்.”

பாருங்கள், இந்த மனுஷனை! ஏழு வருஷம் வாயைத் திறக்காதவர், திறந்ததும் சட்டம் பேசுகிறார். நான் என் அறிவையெல்லாம் கொட்டினேன். வாடகை கம்புக்குத்தான், வீட்டுக்கு இல்லை என்றேன். “கம்பில்லாம வூடு ஏது?” என்றார். திடல் பொது இடம், பொது இடத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்றேன். “பங்கு எனக்குன்னா, அவளுக்கு முன்னால ஊருல செத்தவங்களுக்கெல்லாம் எல போடணும்” என்றார். எனக்கு மூச்சு வாங்கியது.

சணல் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த மாதுதான் சலித்துப்போய்ச் சொன்னான். “மாமா, இந்த வூட்டுக் கம்பு பூரா உங்களுது. சும்மாக் குடுத்துட்டேன். எடுத்துக்கோங்க.”

தீர்த்தகிரி அவனைப் பார்த்தார். “திருப்பிக் கேப்பியா?”

“கேப்பேன். நாளைக்கிச் சாயங்காலம் வேணும். பென்னாகரத்துல மாரியம்மன் பண்டிகை.”

“அதுவரைக்கும் எனுது.”

“உங்களுதுதான் மாமா.”

“வலை?”

“வலை ஓசிங்க,” என்று குப்புராஜ் தூரத்திலிருந்து கத்தினார்.

தீர்த்தகிரி ஒரு கம்பை ஆட்டிப் பார்த்தார், கடையில் சாமான் வாங்குகிறவர் மாதிரி. பிறகு மாதம்மாளைப் பார்த்து, “அக்கா, களி கெளற மாவு இருக்குங்களா?” என்றார். குள்ளம்மாள் போன பிறகு அவர் யாரிடமாவது எதையாவது வேண்டும் என்று கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் உச்சிப்பொழுது. கூடத்தில் சாணி மெழுகி, குத்துவிளக்கு ஏற்றி, தலைவாழை இலை போட்டாகிவிட்டது. சோறு, வடை, பாயசம் எல்லாம் முறைப்படி. நடுவில் கேழ்வரகுக் களி ஒரு உருண்டை, பக்கத்தில் கிண்ணத்தில் மொச்சைக்கொட்டைக் குழம்பு. களி குள்ளம்மாளுக்காக. நாமெல்லாம் களியை ஓரத்திலிருந்து பிய்த்துக் குழம்பில் தோய்ப்போம். அவள் உருண்டையின் உச்சியில் கட்டைவிரலை அழுத்திக் குழி பண்ணி, அதில் குழம்பை ஊற்றி, குழியின் விளிம்பிலிருந்து உள்வாட்டமாகத் தின்பாள். சின்ன வயசிலிருந்தே அப்படி. “கெணறு வெட்டறா பாரு” என்று நான் கேலி பண்ணுவேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோதுதான் மாதம்மாள் கேட்டாள். “ஏங்க, கதவ எங்க சாத்தறது? உள்ளார ஈ பறந்தாக்கூடத் தெரியுது. ஊரே பாத்துக்கிட்டு நின்னா அவ எப்பிடி வருவா?”

உண்மைதான். வாசலில் வலையை இழுத்துக் கட்டினாலும், விளக்கு, இலை, கிண்ணம் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. தீர்த்தகிரி என்னைப் பார்த்தார். சரி, வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. அந்த “ம்” உதட்டுவரை வந்துவிட்டது.

பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினேன்.

“எல்லாரும் கேளுங்க! மணிக்கூண்டுத் தெரு தீர்த்தகிரி வூட்ல படையலு! கதவு இல்ல! அதனால கதவுக்குப் பதிலா நீங்கதான்! எல்லாரும் முதுக காட்டித் திரும்பி நில்லுங்க! திரும்பிப் பாக்கறவங்களுக்கு வடை கெடையாது!”

பத்தாயிரம் பேர் திரும்பினார்கள். எழிலரசி முந்நூறு என்பாள். சுவருக்குச் சண்டை போட்டவர்கள், பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்த முருகேஷ், செயல் அலுவலர், எழிலரசி, சிலுவை போட்டுக்கொண்டு லூர்துமேரி, எல்லோரும் அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். தீர்த்தகிரி என் பக்கத்தில் வந்து, என் வலது கை மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

“உங்க கை எங்கிட்ட இருக்கட்டும் மச்சான்.”

“ஏங்க மாப்ள, எம்மேல நம்பிக்க இல்லீங்களா?”

“இல்ல.”

முதுகைத் திருப்பினால் எதிரே ரோடு. திடலிலிருந்து நேராகத் தெரிகிறது. பழைய தெருவின் இடத்தில் தார், நடுவில் வெள்ளைக் கோடு. ஒரு கல் லாரி போனது. அதன் பின்னால் ஒகேனக்கல் போகிற வேன் ஒன்று. அதில் இருந்தவர்கள், ஊரே தங்களைப் பார்த்துக்கொண்டு கம்மென்று நிற்பதைக் கண்டு பயந்து கண்ணாடியை ஏற்றினார்கள். எங்களுக்குப் பின்னால் வலை உப்பி அடங்கும் சத்தம். எனக்கு ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். தொண்டையில், கண்ணில், எங்காவது. ஒன்றும் வரவில்லை. மணிக்கட்டில் மாப்பிள்ளையின் விரல்கள் மட்டும் தெரிந்தன. இறுக்கிப் பிடித்ததில் என் கை மரத்துப்போனது. அதற்கு முன்னால் அது மரத்துப்போகாமல் இருந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

கொஞ்ச நேரம் போனதும் தீர்த்தகிரி திரும்பினார். என்னையும் இழுத்துக்கொண்டு போய், வாசல் கம்பை இடது கையால் மூன்று தட்டுத் தட்டினார். வலையை விலக்கி இருவரும் உள்ளே போனோம்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோறு வைத்தபடி இருந்தது. வடை வைத்தபடி இருந்தது. களி உருண்டையின் உச்சியில் ஒரு குழி. கட்டைவிரல் அளவு. குழியில் குழம்பு நின்றது, ஒரு மொச்சைக்கொட்டையோடு. விளிம்பில் ஒரு வாய் குறைந்திருந்தது.

நான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷ வாய். திறந்தால் ஏதாவது வந்து விழும். ஒன்றும் விழவில்லை.

தீர்த்தகிரி என் கையை விட்டார். இலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அந்தக் குழியின் விளிம்பிலிருந்தே ஒரு வாய் எடுத்துத் தின்றார். மென்றார். இன்னொரு வாய் எடுத்து என்னிடம் நீட்டினார். உப்புக் கொஞ்சம் கம்மி. மாதம்மாளுக்கு எப்போதும் உப்புக் கம்மிதான்.

அதற்கப்புறம் ஊர் தன் அறிவைக் காட்டியது. மாது, அணில் என்றான். குழம்பு ஊற்றத் தெரிந்த அணிலை நான் பார்த்ததில்லை. சூட்டில் களி தானாகவே அமுங்கும் என்றான் முருகேஷ். குப்புராஜ் காற்றில் கிண்ணம் ஆடியிருக்கும் என்றார். மாதம்மாள் என்னையே பார்த்தாள். “சாமி சத்தியமா நான் இல்லடி, என் கையி அவருகிட்ட இருந்துச்சு” என்றேன். “ஒரு கையிதான அவருகிட்ட இருந்துச்சு?” என்றாள். பெண்டாட்டி என்றால் அப்படித்தான். தீர்த்தகிரியிடமிருந்து அணில் என்றவனுக்கும் “ம்”, காற்று என்றவருக்கும் “ம்”.

அன்றைக்கே, மூன்றாம் நாள் சாயங்காலம், பந்தலைப் பிரித்தார்கள். தன் வீட்டைத் தீர்த்தகிரியே பிரித்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. கம்புகளைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போய் மாதுவின் வண்டியில் போட்டு, “இந்தா, உனுது” என்றார். திரும்பி வந்து குழிகளை மண் போட்டுக் காலால் மிதித்து மூடினார். நாலாம் நாள் சந்தை கூடியபோது அந்த இடத்தில் ஒருத்தி கத்திரிக்காய் விற்றாள்.

பிளான்கள் தர்மபுரிக்குப் போய்விட்டன. ஆனால் எழிலரசி சிவப்புப் பென்சில் நகல்களில் ‘பொதுமக்கள் திருத்தியபடி’ என்று எழுதி, செயல் அலுவலரிடம் கையெழுத்து வாங்கி, புது ஆபீஸ் முன்னறையில் பூட்டு இல்லாத அலமாரியில் வைத்திருக்கிறாள். தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வருகிறவர்கள்கூட அதை எடுத்துப் புரட்டுகிறார்கள். லூர்துமேரி வீட்டில் எருமை படம் போட்டிருக்கிறது. தீர்த்தகிரி வீட்டில், கூடத்துக்குப் போகிற வழியில், ஒரு கம்பை அடித்துவிட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கிறது.

நான் மறுவாரமே டீக்கடையில் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கூட்டம் பெஞ்சின் கோடியைப் பார்க்கும். தீர்த்தகிரி கிளாஸைப் பார்ப்பார். “புளுகு” என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அது ‘புளுகு’வைவிட மோசம். கேட்கிறவர்கள், பெரியவர் பாவம், சொல்லச் சங்கடப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு என்னை இன்னும் கேவலமாகப் பார்த்தார்கள்.

போன வாரம், சேலத்துக்காரர்கள் நாலு பேர், ஒகேனக்கல் போகிற வழியில் டீக்கு நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஆரம்பித்தேன்: எழுபது வீடு, பத்தாயிரம் பேர், களி. அதில் மீசைக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பெருசு, மத்ததெல்லாம் விடுங்க, செத்தவங்க வந்து களி தின்னாங்களா?” என்றவர், மற்றவர்கள் பார்ப்பதைக் கண்டு தானும் கோடியைத் திரும்பிப் பார்த்தார். “ஐயா, நீங்களாவது சொல்லுங்க. இவரு சொல்றது நெசமா?”

தீர்த்தகிரி கிளாஸைக் கீழே வைத்தார்.

“எழுவது வூடு இல்ல. இருவத்திரண்டுதான்,” என்றார். “பத்தாயிரம் பேரு புளுகு.”

மீசைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “அப்ப களி?”

எதிரே ரோட்டில் ஒரு பஸ் போனது. அது போய்முடியும்வரை தீர்த்தகிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முருகேஷிடம் ஒரு வடை கேட்டு வாங்கினார். சூடாக இருந்தது, இரண்டாகப் பிய்த்து ஆறவிட்டார்.

“இவரு கையி எங்கிட்ட இருந்துச்சு,” என்றார். “கெணறு வெட்டித்தான் தின்னிருந்தா. சாப்புட்டா.”